காட்மன் பெட்டி யாருக்கு, புரொஃபஷனல் ட்யூப் யாருக்கு?

வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனி வாட்டர்கலரில் இரண்டு வரிசைகள் விற்கிறது. காட்மன் என்பது மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக வரைபவர்களுக்கும். புரொஃபஷனல் என்பது பெயரிலேயே தெரிகிறது. பழைய ட்யூப்களில் 'ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று அச்சாகியிருக்கும், வரிசை அதுவேதான். கம்பெனி 1832இல் லண்டனில் தொடங்கியது. காட்மன் என்ற பெயர் ஜான் செல் காட்மன் (1782–1842) என்ற ஆங்கிலேய ஓவியருடையது. வாழ்நாள் முழுக்க ஓவியத்தையே தொழிலாகக் கொண்டிருந்தவரின் பெயர் கற்றுக்குட்டிகளின் பெட்டிக்குப் போயிருப்பது ஒரு வேடிக்கை.

அந்தக் குழப்பம் பெயரோடு நிற்பதில்லை. 'நான் தொழில்முறை ஓவியன் இல்லையே, எனக்கு எதற்கு புரொஃபஷனல்' என்று ஒதுங்குபவர்களும் உண்டு. 'காசு வாங்கி வரைகிறேன், காட்மனைத் தொடுவதா' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே ஆளைப் பார்த்துப் பெயின்ட் வாங்குகிறார்கள். பார்க்கவேண்டியது படம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்பதை.

முதலில் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் நிறமியின் குறியீடு இருக்கும்: பிபி 29 என்றால் அல்ட்ராமெரீன், பிபி 28 என்றால் நிஜக் கோபால்ட் நீலம், பிஆர் 108 என்றால் நிஜக் காட்மியம் சிவப்பு. பக்கத்தில் ஏஏ, ஏ, பி, சி என்று ஒரு நிலைப்புத் தரமும் இருக்கும். ஏஏ, ஏ இரண்டும் நம்பலாம். பி என்றால் வெளிச்சத்தில் மங்க இடமுண்டு, சி என்றால் நிச்சயம் மங்கும். காட்மனில் 40 நிறங்கள், எல்லாம் ஒரே விலை. புரொஃபஷனலில் 100க்கும் மேல். நிறமியின் விலையைப் பொறுத்து சீரீஸ் எண், அதாவது விலைப்பிரிவு, ஏறிக்கொண்டே போகும். காட்மன் ட்யூப் 8, 21 மி.லி. அளவுகளில் வரும். புரொஃபஷனல் 5, 14, 37 மி.லி. ஒப்பிடும்போது மி.லி. கணக்கில் ஒப்பிடுங்கள், ட்யூபுக்கு ட்யூப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அல்ட்ராமெரீனே நல்லது. இரண்டிலும் அதே பிபி 29தான், எனவே வித்தியாசம் பெரும்பாலும் நிறமியின் அளவில்தான். ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் பயறு அளவு பிதுக்கி, ஒவ்வொன்றிலும் அரை டீஸ்பூன் தண்ணீர் கலந்து, தாளில் மேலிருந்து கீழே வெளுத்துக்கொண்டே போகும் வாஷ் (நீர்த்த வண்ணப் பூச்சு) ஒன்று இழுங்கள். ஈரமாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். காய்ந்த பிறகுதான் காட்மன் ஒரு படி வெளுத்திருக்கும். புரொஃபஷனலில் தாளின் குழிகளில் நீலத் துகள் இறங்கி மணல்மணலாக நிற்பது எடுப்பாகத் தெரியும். காட்மனில் அதுவே கொஞ்சம் அடங்கியிருக்கும். அதே அடர்த்தி வேண்டுமென்று காட்மனைக் கெட்டியாக ஏற்றினால் நிறமியோடு பிசினும் நிரப்புப்பொருளும் சேர்ந்தே ஏறும். காய்ந்ததும் அந்த இடம் மட்டும் பளபளவென்று வார்னிஷ் பூசியதுபோல நிற்கும். காட்மனில் ஆழமான இருட்டு வராது என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். கெட்டியாக ஒருமுறை ஏற்றுவதைவிட நன்றாகக் காயவிட்டு மெல்லியதாக இருமுறை பூசினால் அந்தப் பளபளப்பு வராது.

உண்மையான இடைவெளி 'ஹியூ' என்ற சொல்லில் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் ஹியூ என்று வந்தால் அந்த நிறமி உள்ளே இல்லை, சாயல் மட்டும் உண்டு என்று பொருள். காட்மன் வரிசையில் காட்மியம், கோபால்ட், விரிடியன் எல்லாமே ஹியூதான். விரிடியனை எடுத்துக்கொள்ளுங்கள். புரொஃபஷனலில் இருப்பது பிஜி 18: சாதுவான பச்சை, துகள்துகளாகப் படியும், காய்ந்தபின் ஈரத் தூரிகையால் தேய்த்தால் பெருமளவு எழுந்து வந்துவிடும். காட்மனின் விரிடியன் ஹியூ பிஜி 7, அதாவது தாலோ பச்சை. அது தாளில் சாயமாக ஏறிவிடும், பிறகு எடுக்க முடியாது. எதோடு கலந்தாலும் அதை விழுங்கிவிடும். விரிடியனை வைத்துச் சொல்லும் பாடத்தைப் பார்த்துக்கொண்டே ஹியூவில் செய்தால் படம் முழுக்கப் பச்சைதான். கால்வாசி அளவில் தொடங்கினால் அடங்கும். அதற்காக ஹியூ மட்டம் என்று அர்த்தமில்லை. காட்மியம் ஹியூக்கள் நிஜக் காட்மியத்தைவிட ஒளி ஊடுருவுபவை. அடுக்கடுக்காகக் கிளேஸ், அதாவது அடிநிறம் தெரியும் மெல்லிய பூச்சு, போடுபவர்களுக்கு அதுவே வசதி. நிஜக் காட்மியம் அடியில் இருப்பதை மறைக்கும், ஒரே வாஷில் சூடான கெட்டி நிறம் தரும். அதோடு காட்மியம் நச்சு என்பதால் தூரிகையை வாயில் வைத்து முனை கூர்மையாக்கும் பழக்கம் இருப்பவர்கள் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

இனி வேடிக்கையான இடம். புரொஃபஷனல் வரிசையில் வெறும் 'அலிசரின் கிரிம்சன்' என்றிருக்கும் ட்யூப் பிஆர் 83. நிலைப்புத் தரம் பி. மெல்லிய வாஷாகப் போட்டு வெயில்படும் சுவரில் மாட்டினால் சிவப்பு கரைந்து போகும். காட்மனின் அலிசரின் கிரிம்சன் ஹியூவில் இருப்பதோ பிஆர் 206, தரம் ஏ. அதாவது இந்த ஒரு நிறத்தில் மாணவர் ட்யூப்தான் கலைஞர் ட்யூபைவிட அதிக நாள் நிற்கும். புரொஃபஷனலில் அதே பிஆர் 206 வேண்டுமென்றால் 'பெர்மனன்ட் அலிசரின் கிரிம்சன்' என்று கேட்டு வாங்கவேண்டும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், அலமாரியில் இரண்டும் அருகருகே இருக்கும். ஓபரா ரோஸ் என்ற பளீர் ரோஜா நிறமும் இப்படித்தான்: ட்யூபில் பார்த்தால் கண்ணைப் பறிக்கும், அந்தப் பளிச்சு ஒளிரும் சாயத்திலிருந்து வருவது, வெளிச்சத்தில் முதலில் போவதும் அதுதான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஜன்னல் சோதனை செய்யலாம், செலவே இல்லை. ஒரு விரல் அகலத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் அடர்த்தியாக ஒரு பட்டை, நீர்த்து ஒரு பட்டை பூசுங்கள். காய்ந்ததும் நீளவாக்கில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, நேர் வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் ஒட்டி, தேதி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எந்த நிறம் துரோகி என்று தெரிந்துவிடும். நீர்த்த பட்டைதான் முதலில் காட்டிக்கொடுக்கும், அதனால் அதை விட்டுவிடாதீர்கள்.

இங்கேதான் தொழில்முறை, அமெச்சூர் கணக்கு தலைகீழாகிறது. புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் வரையும் இல்லஸ்ட்ரேட்டர் மூலப்படத்தை ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு இழுப்பறையில் வைத்துவிடுவார். அவருக்கு நிலைப்புத் தரம் பெரிய விஷயமே இல்லை. காட்மன் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் ஓபரா ரோஸின் பளிச்சு சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் வராது என்பதுதான் அவருடைய கவலையாக இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரைந்து, நண்பரின் வீட்டு விசேஷத்துக்குப் படத்தைச் சட்டம் போட்டுக் கொடுப்பவருக்குத்தான் ஏஏ, ஏ தரம் தேவை. அந்தப் படம் அங்கே இருபது வருடம் தொங்கப்போகிறது.

காட்மனை வாங்கினால் எப்படி வாங்குவது? ஸ்கெச்சர்ஸ் பாக்கெட் பாக்ஸ் என்ற 12 அரைப் பேன் (காய்ந்த வண்ணக் கட்டி உள்ள குட்டித் தொட்டி) பெட்டி சட்டைப்பையில் அடங்கும். மூடியே கலக்கும் தட்டு. புதிதாக இருக்கும்போது அந்தப் பிளாஸ்டிக்கில் வண்ணம் முத்துமுத்தாக உருண்டு ஓடும். துளி டூத்பேஸ்டை ஈரத்துணியில் வைத்து மெல்லத் தேய்த்துக் கழுவினால் பிறகு பரவி நிற்கும். கூடவே வரும் குட்டித் தூரிகை கையெழுத்துப் போடத்தான் உதவும். 8ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பேன்களை வறட்டுத் தூரிகையால் சுரண்டாதீர்கள்: வேலைக்கு இரண்டு நிமிடம் முன்பே ஒவ்வொன்றிலும் ஒரு துளி நீர் விட்டால் பசையாகிவிடும், தூரிகையும் தேயாது. பெட்டியில் இருக்கும் சைனீஸ் வெள்ளைதான் தண்டம். தாளின் வெள்ளையே வாட்டர்கலரில் வெள்ளை. அந்தப் பேனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் புரொஃபஷனல் அரைப் பேன் ஒன்றை வையுங்கள், இரண்டு வரிசைக்கும் பேன் அளவு ஒன்றுதான். வேலை முடிந்ததும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு ராத்திரி திறந்து கிடக்கட்டும்.

ட்யூபிலிருந்து காலிப் பேனில் நிரப்புவது சிக்கனம். அரைப் பேன் ஒன்று ஏறக்குறைய 2 மி.லி. கொள்ளும், ஆக 5 மி.லி. ட்யூபில் இரண்டு பேன் தாராளம். ஒரே தடவையில் விளிம்புவரை நிரப்புவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மேல்பகுதி காய்ந்து சுருங்கும், நடுவில் பிளக்கும், பிறகு ஒருநாள் மொத்தமாகக் கழன்று விழும். மூன்று தடவையாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் பல்குச்சியால் கலக்கிக் காற்றுக்குமிழ் போக்கி, ஒருநாள் காயவிடுங்கள். அப்படியும் வெடிக்கும் நிறங்களுக்கு ஒரு பேனுக்கு ஒரு துளி கிளிசரின். இரண்டு துளி விட்டால் எப்போதும் பிசுபிசுவென்றே இருக்கும். ட்யூபைத் திறந்ததும் மஞ்சள் திரவம் மட்டும் வழிந்தால் அது கெட்டுப்போகவில்லை, பிசின் பிரிந்திருக்கிறது. அதைக் கொட்டாமல் வண்ணத்தோடு கலந்துகொள்ளுங்கள்.

கலவையில் சேறு வருவதற்குப் பெயின்டைத் திட்டுவது வழக்கம். காட்மனில் கலவை நிறங்கள் கூடுதல். சாப் கிரீன் போன்ற ஒன்றிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நிறமி இருக்கும். அப்படி இரண்டைச் சேர்த்தால் தட்டில் நான்கைந்து நிறமி, முடிவு சாம்பல் கலந்த பழுப்பு. பின்பக்கக் குறியீட்டை எண்ணி, மொத்தம் மூன்று நிறமிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். கறுப்புக்கு அல்ட்ராமெரீனும் பர்ன்ட் சியன்னாவும் சமமாக எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஆழம் வேண்டுமென்றால் அலிசரின் ஹியூ மூன்று பங்குக்கு விரிடியன் ஹியூ ஒரு பங்கு.

தாளைச் சொல்லாமல் பெயின்டை மதிப்பிட முடியாது. மரக்கூழ்த் தாளில் புரொஃபஷனல் ட்யூபைப் பூசினாலும் வாஷ் திட்டுத்திட்டாகக் காயும், இரண்டாம் அடுக்கு முதலடுக்கைக் கிளப்பிவிடும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) முழுப் பருத்தித் தாளில் காட்மன் பூசினால் அது நம்பமுடியாத அளவு நன்றாக நடந்துகொள்ளும். கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தாளை வாங்குங்கள், பெயின்ட் காட்மனாகவே இருக்கட்டும்.

பெட்டி தீரத் தீர மாற்றுவதற்கும் ஒரு வரிசை உண்டு. யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர் ஆகிய மண்நிறங்கள் மலிவான நிறமிகள்; அவற்றைக் காட்மனிலேயே திரும்ப வாங்கலாம். அலிசரினும் அப்படியே. அல்ட்ராமெரீன் புரொஃபஷனலிலும் கீழ் சீரீஸில்தான் கிடைக்கும், அதனால் முதல் மாற்றம் அதுவாக இருக்கட்டும். அடுத்து கோபால்ட் நீலம். வானம் அதிகம் வரைபவர்களுக்கு அதன் வித்தியாசம் முதல் வாஷிலேயே தெரியும்; காய்ந்தபின் ஈரப் பஞ்சால் ஒற்றி மேகத்தை வெளியே எடுக்க முடியும். காட்மியம் சிவப்பைக் கடைசியில் யோசித்துக்கொள்ளலாம்.