குமரி மாவட்டத்துக் குடும்ப வரலாற்றுக்குக் கிராம்ப்ஸ் உதவுமா?

குடும்ப வரலாறு தொகுக்க முற்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெரிய தாளில் வம்சாவளிப் படம் வரைவதிலிருந்தே தொடங்குகிறார்கள். படம் அழகாகவே வரும். ஆனால் அதிலுள்ள பெயர்களில் எது மூலப்பத்திரத்தில் கண்டது, எது வீட்டுப் பெரியவர் சொன்னது, எது நாமே ஊகித்தது என்பது கொஞ்ச நாளில் வரைந்தவருக்கே விளங்காமல் போய்விடுகிறது. கிராம்ப்ஸ் (Gramps) என்னும் குடும்ப வரலாற்று மென்பொருளைக் கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அது இந்தக் குழப்பத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை என்பதற்காகத்தான். 2001இல் தொடங்கிய இத்திறந்தமூல முயற்சி முற்றிலும் இலவசமானது. விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். இணைய இணைப்பு தேவையில்லை என்பதால் வீட்டு விவகாரம் வீட்டுக் கணினியிலேயே இருக்கும்.

ஆள், குடும்பம், நிகழ்வு, இடம், மூல ஆவணம், அந்த ஆவணம் இருக்கும் காப்பிடம் ஆகியவற்றை இது தனித்தனிப் பதிவுகளாக வைத்துக்கொள்கிறது. ஒரு பாகப்பத்திரத்தை எடுத்துக்கொண்டால், அதை ஒருமுறை மூலமாகப் பதிந்துவிட்டு, அதில் காணும் ஒவ்வொருவரின் வயது, வீட்டுப்பெயர், தொழில், உறவு ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணோடு சான்று காட்ட முடியும். சான்றின் நம்பகத்தன்மையை ஐந்து படிகளில் குறிக்கலாம் என்பது சிறு வசதியாகத் தோன்றினாலும் மிகவும் பயனுள்ளது. திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு ஒரு பிறந்த தேதியையும் பள்ளிச் சான்றிதழ் வேறொரு தேதியையும் சொல்லும்போது, ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டியதில்லை. இரண்டையும் அவற்றின் சான்றுகளோடு வைத்துக்கொண்டு, எதை ஏற்கிறோம், ஏன் ஏற்கிறோம் என்று குறிப்பில் எழுதிவிடலாம். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியும் குறைத்தும் எழுதிய காலத்தைச் சேர்ந்த நம் ஆவணங்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பொருந்துகிறது.

மலையாள ஆண்டுக்கணக்கான கொல்லம் ஆண்டுதான் முதல் இடைஞ்சல். திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரங்கள் கொல்லம் ஆண்டிலேயே தேதியிடப்பட்டவை. கிராம்ப்ஸுக்கு யூத நாட்காட்டியும் இஸ்லாமிய நாட்காட்டியும் தெரியும், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்து நாட்காட்டிகூடத் தெரியும். கொல்லம் ஆண்டு தெரியாது. ஆவணி மாதமாகிய சிங்கத்தில் ஆண்டு பிறப்பதால், ஆங்கில ஆண்டைக் காண 825ஐக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் ஓராண்டு பிசகக்கூடும். கொல்லம் 1101 துலாம் என்பது 1925 அக்டோபர், நவம்பர். அதே 1101இன் மகரமோ 1926 ஜனவரி, பிப்ரவரி. மாதம் அழிந்துபோய் ஆண்டு மட்டும் தெரிந்தால், 1925 ஆகஸ்டு முதல் 1926 ஆகஸ்டு வரை என்று வரம்பாகப் பதிந்து, தேதியோடு சேர்த்து எழுதக்கூடிய உரைக் குறிப்பில் பத்திரத்திலுள்ள கொல்லம் தேதியை அப்படியே எழுதிவைப்பதே சரியான வழி. பத்திரத்தின் வாசகமும் நம் கணக்கும் ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும்.

இடங்களைக் கையாளும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர் இடம் எந்த ஆட்சிப் பகுதிக்குள் எப்போது இருந்தது என்பதைக் காலவரம்போடு பதியலாம் என்பதால், விளவங்கோடு வட்டம் 1949 வரை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்திலும் இருந்ததை ஒரே இடப்பதிவில் காட்ட முடிகிறது. பழைய ஆவணத்தைத் திருவனந்தபுரத்தில் தேடுவதா, நாகர்கோவிலில் தேடுவதா என்று முடிவுசெய்வதற்கு இந்தத் தகவல் வேண்டும்.

மருமக்கள் வழிக் குடும்பங்களில்தான் மென்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சொத்து தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, சென்ற குடும்பங்களின் பத்திரங்களில் தகப்பனுக்கு இடமில்லாமல், குடும்பத் தலைவரான காரணவரும் அவருக்கு இளைய உறுப்பினர்களான அனந்திரவர்களுமே கட்சிகளாக நிற்கலாம். கிராம்ப்ஸோ தாய், தகப்பன், பிள்ளை என்ற அமைப்பைக்கொண்டே மரத்தைக் கட்டுகிறது. வாரிசுமுறையை மாற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொல்லம் 1101இல் வருவதற்கு முந்தைய பத்திரத்தில் ஒருவர் இன்னாருடைய மருமகன் என்று மட்டும் இருந்தால், தெரியாத தகப்பனுக்கு ஒரு பெயரை இட்டு நிரப்பாமல், ஆள் பதிவிலுள்ள தொடர்புகள் என்னும் பகுதியில் அந்த உறவைப் பதிந்து நிறுத்திக்கொள்வது நல்லது. ஆனால் அப்படிப் பதிந்த உறவு வம்சாவளி வரைபடத்தில் கிளையாக வராது. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்த வழக்கத்தால், மூதாதையர் வரைபடத்தில் ஒரே தாத்தா இரண்டு இடங்களில் வந்து நிற்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கையெழுத்தையோ மலையாள எழுத்திலுள்ள பத்திரத்தையோ இது படித்துத் தராது. படிக்கத் தெரிந்தவரைக்கொண்டு வரிக்கு வரி பெயர்த்தெழுதி, அந்தப் படியை ஆவணத்தின் ஒளிப்படத்தோடு இணைத்த பிறகே தகவலைப் பிரித்தெடுக்கத் தொடங்க வேண்டும். பெயரின் பழைய எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல் வைத்து, இன்றைய வடிவத்தை மாற்றுப் பெயராகச் சேர்க்கலாம்.

பிற மென்பொருள்களுக்கு மாற்றுவதற்கு, குடும்ப வரலாற்று மென்பொருள்கள் பொதுவாக ஏற்கும் கெட்காம் (GEDCOM) கோப்பு வடிவம் இருக்கிறது. ஆனால் கிராம்ப்ஸில் பதிந்த எல்லாமே அதில் முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே ஒளிப்படங்களையும் உள்ளடக்கும் கிராம்ப்ஸின் சொந்தத் தொகுப்பு வடிவில் ஒரு நகலைத் தனி வட்டில் வைத்திருப்பது அவசியம். குடும்ப விழா மலருக்காக நான்கு தலைமுறைப் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்த நினைப்பவருக்கு இத்தனையும் வேண்டாத சுமை. அவருக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். பெட்டி நிறையப் பத்திரங்களும் ஒன்றுக்கொன்று ஒவ்வாத தேதிகளும் வைத்திருப்பவர் தாராளமாக நிறுவிப் பார்க்கலாம்.