காரைக்குடி பக்கம் காலிப்பர் செய்யக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கே வந்து அளவெடுத்துக் காலிப்பர் (பலமில்லாத காலைத் தாங்க மாட்டிக்கொள்கிற சாதனம்) செய்து தருகிறோம் என்று யாராவது சொன்னால், மாவுக்கட்டு போட்டு அச்சு எடுப்பீர்களா என்று முதலில் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்காமல் 18,000 ரூபாயைக் கொடுத்துவிட்டோம்.

அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. நாற்பது வருஷமாக இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் வைத்த காலிப்பர்தான். அந்தக் கனத்தில் இடுப்பு வலி வந்ததால், லேசான பிளாஸ்டிக்கில் போடலாம் என்று ஒரு கடையில் கேட்டோம். மறுநாளே ஆள் வந்தார். முகப்பில் அக்காவை உட்கார வைத்து, தையல்காரர் டேப்பால் தொடையையும் கெண்டைக்காலையும் அளந்தார், தாளில் பாதத்தை வரைந்தார். பத்து நிமிஷத்தில் முடிந்தது.

சாமான் வந்த அன்றே, "இங்கே குத்துதுடி" என்று தொடையின் உள்பக்கத்தைக் காட்டினாள். கழற்றினால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவப்பு. ராத்திரி படுக்கும்போதும் அது மாறவில்லை. கடைக்கு போன் செய்தால், "பழகப் பழகச் சரியாயிரும்மா" என்றார்கள். நம்பினோம். ஐந்தாம் நாள் வீட்டின் உள்கட்டான வளவுக்குள் போக நிலைப்படியைத் தாண்டும்போது முட்டி மடங்கி, ஆத்தங்குடிக் கல் தரையில் அப்படியே விழுந்தாள். நிற்கும்போது முட்டிக்கு இரண்டு பக்கமும் காலிப்பரின் கீல்மேல் வளையம் இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். வெளிப்பக்க வளையம் பாதியிலேயே நின்றிருந்தது.

மதுரையில் காலிப்பர் செய்கிற வேறொரு இடத்தில் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. கீல் அக்காவின் முட்டி மடங்கும் இடத்துக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்திருக்கிறது. அதனால்தான் உட்காரும்போதெல்லாம் பட்டை மேலேறித் தொடையில் அறுத்திருக்கிறது. இரண்டு கம்பியும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாததால் வளையமும் இறங்கவில்லை. அங்கே ஈர மாவுத்துணியைக் காலில் சுற்றி, முட்டி, கணுக்கால் எலும்புகளைப் பென்சிலால் குறித்து அச்சு எடுத்தார்கள். அந்த அச்சில் மாவை ஊற்றிக் கால் உருவம் செய்து, அதன்மேல்தான் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டைப் படிய வைப்பார்களாம். மாட்டிப் பார்த்துத் திருத்திய பிறகே முழு வேலையும் முடிப்பார்களாம். கழற்றி அரைமணி நேரத்துக்குள் சிவப்பு மறையவில்லை என்றால் அளவு தப்பு, பழகுகிற விஷயமே இல்லை என்றார்கள். போலியோவில் உணர்ச்சி போகாது, அதனால் அக்கா சொல்லிவிட்டாள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்கு இப்படி அழுத்தினால் புண்ணாகும்வரை தெரியாது. எனக்கு அதை நினைத்துத்தான் பதறுகிறது.

செய்கிறவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டு, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால், காசு கொடுக்கும் முன் சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள், அரசே இலவசமாகக் காலிப்பர் கொடுக்கிறது. எங்களுக்கு பில் தரவில்லை, விசிட்டிங் கார்டின் பின்னால் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஜீபே ரசீதை வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இப்போது போனே எடுப்பதில்லை.

அக்கா பழைய இரும்புக் காலிப்பரின் கீலுக்கு எண்ணெய் விட்டு அதையே மாட்டிக்கொண்டு நடக்கிறாள். வியாழக்கிழமை மதுரையில் ட்ரயல்.