பின்னால் மட்டுமா, இருபுறமுமா? தேடலில் தானாகச் சேரும் % குறி

விதைக்கடை கவுன்டரில் யாரும் நெல் ரகத்தின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "43 இருக்கா?", "1009 என்ன விலை?" அவ்வளவுதான். டேட்டாபேஸில் இருப்பதோ ‘ஆடுதுறை 43’, ‘சிஆர் 1009’. அடித்ததை அப்படியே ஒப்பிடும் தேடல் இங்கே எதையும் தராது. ‘இந்த இடத்தில் எது வேண்டுமானாலும் இருக்கலாம்’ என்று டேட்டாபேஸுக்குச் சொல்வது % குறி. கடையில் வேலை பார்க்கும் பையன் அதைப் போட்டுத் தேடுவான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மென்பொருளே அதைச் சேர்க்கவேண்டும். எங்கே சேர்ப்பது என்பதில்தான் போட்டி.

சொல்லுக்குப் பின்னால் மட்டும் சேர்த்தால் வேகம் கிடைக்கும். தொடக்கம் தெரிவதால் பி-ட்ரீ இன்டெக்ஸ் (அகராதிபோல் வரிசைப்படுத்தி வைத்த சாதாரண அட்டவணை) கைகொடுக்கும். பில் எண்ணுக்கு இதுவே போதும். டெல்டா ஊர்ப்பெயர்களில் இது படுத்துவிடும். ‘திரு’ என்று அடித்தால் திருவாரூர், திருவையாறு, திருத்துறைப்பூண்டி, திருவிடைமருதூர் என்று திரை நிரம்பும். ‘குவளை’ என்று அடித்தால் திருக்குவளை வராது. ‘43’க்கும் வெறும் திரைதான்.

இருபுறமும் சேர்த்தால் இவை எல்லாம் அகப்படும். ‘1009’ என்றால் சிஆர் 1009 மட்டுமல்ல, வெள்ளம் தாங்கும் சப்-1 ரகமும் கூடவே வரும். தாழ்வான வயல்காரருக்கு அதைக் காட்டியே ஆகவேண்டும். ஆனால் சாதாரண இன்டெக்ஸ் இதற்கு உதவாது. டேட்டாபேஸ் எல்லாவற்றையும் வரி வரியாகப் படிக்கும். சில ஆயிரம் வரிகள் உள்ள கடைக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. லட்சக்கணக்கில் போனால் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் ட்ரைகிராம் இன்டெக்ஸ் இருக்கிறது. மும்மூன்று எழுத்தாக வெட்டி வைப்பதால் ‘43’ போன்ற ஈரெழுத்துத் தேடலுக்கு மட்டும் அதனால் பயனில்லை.

தமிழில் இன்னும் இரண்டு சிக்கல். ‘ஆரூர்’ என்று தேடினால் இருபுறமும் % போட்டும் திருவாரூர் வராது. அங்கே ‘ஆ’ இல்லை, ‘வா’தான் இருக்கிறது. இதற்கு டேட்டாபேஸில் மாற்றுப்பெயருக்கென்று தனி காலம் (column) வைப்பதே வழி. அப்புறம் ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஒப்பிட்டால் வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் இதை ஒரே குறியீடாகச் சேர்த்துவிடும் யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடவேண்டும்.

ரகம், ஊர், ஆள் பெயர் என எதற்கும் நான் இருபுறமும்தான் போடுவேன். அந்தச் சொல்லில் தொடங்குபவை மேலே, நடுவில் வருபவை கீழே. ஒருவர் ‘50% மானியம்’ என்று அடித்தால் அந்த % வெறும் எழுத்தாகவே போகட்டும், அதன் சிறப்புப் பொருள் வேலை செய்யாதபடி எஸ்கேப் செய்துவிடுங்கள். அடிக்கோட்டுக்கும் (_) அதே கதிதான், விட்டால் அது ஏதாவது ஓர் எழுத்துக்குப் பொருந்திவிடும்.