படையா, ராணுவமா?
‘படை’ பொதுச்சொல். முன்னால் ஒன்று ஒட்டினால்தான் எது என்று தெரியும்: தரைப்படை, கடற்படை, விமானப்படை; சேர்த்தால் முப்படை. ‘ராணுவம்’ கறாராகப் பார்த்தால் தரைப்படை மட்டுமே. ‘ராணுவத்தின் சுகோய் போர் விமானம்’ என்று செய்தி எழுதினால் பிழை; அது விமானப்படையுடையது.

அதிகம் சறுக்குமிடம் வேறு. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை இரண்டும் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. தேர்தல் பந்தோபஸ்துக்கு அவர்கள் வந்தால் ‘ராணுவம் குவிப்பு’ என்று தலைப்பிடாதீர்கள். ‘துணை ராணுவம்’ என்பதே வழக்கு.

பேச்சில் ‘ராணுவத்துல இருக்கார்’, ‘மிலிட்டரிக்காரர்’ இயல்பு. ‘படையில் சேர்ந்தார்’ என்றால் சரித்திர நாவல் வாடை அடிக்கும். ஆனால் படையெடுப்புக்கு ‘ராணுவம்’ ஈடாகாது. பலாச்சுளைக்கு ஈகூடப் படையெடுக்கும். தோலில் வரும் படை வேறு கதை, அதற்குக் களிம்புதான்.