வேலூர்ல தங்கச்சி குழந்தைக்கு மஞ்சள் காமாலைன்னு லைட்ல வெச்சாங்க, அந்த அனுபவம்

இந்த தடவை சிங்கப்பூர்ல இருந்து ஊருக்கு போனதே தங்கச்சி பிரசவத்துக்குத்தான். நாள் இருக்கும்போதே, 34 வாரத்துலயே பையன் பொறந்துட்டான், எடை 1.9 கிலோ. அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, பச்சக்குழந்தைங்க வார்டு. உள்ள அம்மாவ மட்டும்தான் விடுவாங்க, நாங்கல்லாம் வெளிய வராண்டாவுல.

மூணாவது நாள் மூஞ்சி மஞ்சளா தெரியுதுன்னு தங்கச்சி சொன்னதும் எங்க ஆயா, காலைல இளவெயில்ல காட்டினா சரியாயிடும்னு ஆரம்பிச்சாங்க. சிஸ்டர் கோவப்படாம, இவ்ளோ சின்ன உடம்பு வெயில் தாங்காது ஆயா, வெயில வெச்சு வைத்தியமும் பண்ண முடியாதுன்னு பொறுமையா சொன்னாங்க.

அப்புறம் மஞ்சள் எவ்ளோ இருக்குன்னு பாக்க நெஞ்சு மேல ஒரு கருவிய அழுத்துனாங்க, பளிச்னு ஒரு வெளிச்சம், உடனே 11.8னு காட்டுச்சு. அதோட விடல, குதிகால்ல குத்தி ரத்தமும் எடுத்தாங்க, அதுல 13. எனக்கு முதல்ல ஒண்ணும் புரியல ஏன்னா சிங்கப்பூர்ல இதையே 200, 220ன்னு சொல்லுவாங்க, அங்க அளக்குற யூனிட் வேற, இங்க வர்ற நம்பர 17ஆல பெருக்கினா கிட்டத்தட்ட அந்த கணக்கு வரும். நெற மாசத்துல பொறந்த, நல்லா பால் குடிக்கிற குழந்தைக்கு அஞ்சாம் நாள் 13 வந்தா பல நேரம் சும்மா பாத்துட்டே இருப்பாங்களாம். ஆனா நாள் முன்னாடி பொறந்ததுக்கு கல்லீரல் இன்னும் பழகல, ரத்தத்துல அந்த மஞ்சள பிடிச்சு வெக்கிற புரோட்டீனும் கம்மி, அதனால கம்மியான அளவுலயே மூளைக்கு போயிடும்னு டாக்டர் விளக்குனாங்க. கேட்டதும் வயித்த கலக்கிடுச்சு.

உடனே மஞ்சள கொறைக்க, கண்ண கட்டி நீல லைட்ல வெச்சாங்க. லைட்ல வெச்ச பிறகு அந்த கருவிய திரும்ப எடுக்கவே இல்ல, வெளிச்சம் பட்ட தோல் வெளுத்துடும், உள்ள ரத்தத்துல ஜாஸ்தி இருந்தாலும் கம்மியா காட்டும், அதனால ரத்தம் மட்டும்தான். நடுவுல தாய்ப்பால் நிறுத்தல, சக்கரத்தண்ணி கூடவே கூடாதுன்னுட்டாங்க.

இத ஏன் எழுதறேன்னா, முன்னாடி எங்க சொந்தத்துல ஒரு குழந்தைய ஒரு க்ளினிக்ல ட்யூப் லைட் வெளிச்சத்துல கண்ணால பாத்துட்டே ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க. நம்ம மாநிறத்துக்கு மஞ்சள் கண்ணுக்கு சட்டுனு தெரியாதுங்க, அதுவும் எடை கம்மியான குழந்தைன்னா அளந்தே ஆகணும். டிஸ்சார்ஜ் பண்ணும்போது கடைசி நம்பர் எத்தன, எத்தனையாவது மணி நேரத்துல எடுத்தது, திரும்ப எப்ப வரணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. லைட்ட நிறுத்தின பிறகு திரும்ப ஏறலாம், எங்கள அதுக்காகவே மறுபடி வரச்சொல்லி பாத்தாங்க. மொத்தத்துக்கும் ஒரு பைசா கேக்கல.