தெருவுக்கு எந்த மரம்: புங்கையா, வேம்பா, தூங்குமூஞ்சியா?

மரம் இரண்டு வழிகளில் தெருவைக் குளிர்விக்கிறது. ஒன்று நிழல். இன்னொன்று, இலை வழியே ஆவியாகும் நீர்: ஒரு லிட்டர் ஆவியாக ஏறக்குறைய 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் செலவாகிறது. ஆனால் காற்றிலேயே ஈரம் ஊறிக் கிடக்கும் சென்னையில் இந்த இரண்டாவது லாபம் குறைவுதான். அதனால் நான் மதிப்பெண் போடுவது நிழலுக்கு, அதுவும் சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் விழும் நிழலுக்கு.

அந்தக் கணக்கில் முதலில் தோற்பது குல்மோஹர். கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் சிவக்கச் சிவக்கப் பூக்கும். படம் எடுக்க அழகு, கீழே நின்றால் தலை சுடும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் சாய்ந்தவற்றில் இதுவும் நிறைய. நெட்டிலிங்கம்? கொடிக்கம்பம் தருவதைவிடச் சற்றே அதிக நிழல், அவ்வளவுதான்.

தூங்குமூஞ்சி வேறு ரகம். ஒரு மரமே அகல ரோட்டின் பாதியை மறைத்துவிடும். வெயிலில் கிடக்கும் தாருக்கும் அதன் நிழலில் கிடக்கும் தாருக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும். இன்னொரு நுணுக்கம்: அந்தி சாய்ந்ததும் சிற்றிலைகள் மடிந்துகொள்வதால், பகலில் ரோடு வாங்கிய சூடு வானத்துக்குப் போக வழி கிடைக்கிறது. ஆனால் 20 அடி தெருவில் இதை வைக்காதீர்கள். கிளை மொட்டைமாடியில் ஏறும், கரண்டு கம்பிக்காக ஒரு பக்கம் மட்டும் வெட்டுவார்கள், அப்புறம் பாரம் ஒருபக்கமாகி அடுத்த புயலில் சாயும்.

குறுகிய தெருவுக்குப் போட்டி வேம்புக்கும் புங்கைக்கும்தான். வேம்பு தண்ணீர் கேட்காது, காற்றையும் தடுக்காது. நிழல் மட்டும் கொஞ்சம் சல்லடை. புங்கை கோடைக்கு முன் இலை கொட்டினாலும், வெயில் உச்சத்துக்குப் போவதற்குள் பளபளவென்று தளிர்த்துவிடும். நிழலும் அடர்த்தி. இலையில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் பயப்பட வேண்டாம், மரம் தாங்கும். என் ஓட்டு புங்கைக்கு. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத தெரு என்றால் வேம்பு.

எதை வைத்தாலும் வீட்டுக்கு மேற்குப் பக்கம் வையுங்கள், பிற்பகல் வெயிலில் காய்வது அந்தச் சுவர்தான். பேவர் பிளாக் போட வருபவரிடம் அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணை விடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தண்டு வரை ஒட்டிப் பதித்துவிட்டுப் போய்விடுவார்.