புத்தகம் கட்டக் கொடுத்தேன், நாலு பக்கம் போச்சு

திருகோணமலை பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒழுங்கைக்குள் இருக்கிற பழைய புத்தகக் கடை. பெயர் வேண்டாம், தம்பி பாவம். முன்பக்கம் புத்தகம், பின்பக்கம் கட்டும் வேலை.

இருபத்தெட்டு வருடம் வரலாறு படிப்பித்தவள் நான். இத்தாலி என்றால் மறுமலர்ச்சியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவோம். அதனால் மறுமலர்ச்சிக்கு முந்திய காலத்து ஷாரா கொலொன்னாவின் கதை விரிவாக இருந்த ஆங்கிலப் புத்தகம் 650 ரூபாவுக்குக் கிடைத்ததும் பேரம் பேசவில்லை. முதுகு கழன்றிருந்தது. "ரெண்டு நாளில கட்டித் தாறன் ரீச்சர்" என்றார். எட்டு நாள் எடுத்தார். சரி, போகட்டும். கட்டுக்கூலி 400.

வேலை சுத்தம். நூல் தையல், துணி முதுகு, பூச்சி அரிக்காமல் பசையில் துருசு கலந்திருக்கிறார். விரித்தால் மேசையில் படிந்து கிடக்கிறது.

ஷாரா ரோமாபுரிப் பிரபு குடும்பம். 1297இல் உடன்பிறந்த ஸ்தேபனோ பாப்பரசரின் பணத்தை வழிமறித்துக் கொள்ளையடிக்க, பாப்பரசர் எட்டாம் பொனிபாஸ் இவர்கள்மேல் சிலுவைப்போரே அறிவித்தார். கிறிஸ்தவர்மேல் சிலுவைப்போர்! மறுவருடம் சரணடைந்த இவர்களின் ஊர் பலெஸ்த்ரீனாவை இடித்து, உழுது, உப்புத் தூவினார்களாம். பழைய ரோமர் கோயில் இருந்த ஊர் அது. கோணேசர் கோயில் கல்லையும் வைத்துக் கட்டிய கோட்டை வாசலால் போய்வருகிறவள் நான்; அந்தப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

பிறகு 1303 செப்டெம்பர் 7. பிரான்ஸ் அரசன் நான்காம் பிலிப்பின் ஆள் நொகாரேயோடு ஷாரா, பாப்பரசர் இருந்த அனாஞி அரண்மனைக்குள் புகுகிறார். பாப்பரசரின் கன்னத்தில் அறைந்தாரா இல்லையா? எழுநூறு வருட வழக்கு. ஆவலோடு தாளைத் திருப்பினால், ஒக்டோபர் 11, பாப்பரசர் காலமாகிவிட்டார். நடுவில் நாலு பக்கம் இல்லை!

கொடுக்கும்போது எண்ணிப் பார்க்காதது என் பிழை. "அது முந்தியே இல்லை ரீச்சர்" என்றவர், அடுத்த நாள் தானே போன் எடுத்தார். பசைச் சட்டிக்குக் கீழே ஒரு தாள் கிடந்ததாம். காசு வாங்காமல் ஒட்டித் தந்தார். அதில் மூன்றாம் நாள் ஊர்ச்சனம் திரண்டு பாப்பரசரை மீட்கிறது. கன்னத்தில் அறைந்தாரா என்று சொல்ல வேண்டிய தாள் இன்னும் இல்லை. 1328இல் இதே ஷாரா, பாப்பரசரைக் கேட்காமலே, பவேரியாவின் லூயிக்கு ரோமில் பேரரசனாக முடிசூட்டிய பகுதி மட்டும் முழுசாக இருக்கிறது.

ஐந்துக்கு மூன்று. தாள் கிடைத்தால் நான்கு.